சும்மாப் பாடு

போன வாரம் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் கையைக் காட்டினேன். சின்ன வயசு. என் விரல்கள் மேசைமேல் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "சரியாயிடும் பெரியவரே" என்றார். மாத்திரை எழுதும்போது இன்னொரு முறை சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிடும்போது என் முதுகில் தட்டி மூன்றாவது முறையும் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில், திருப்பாலைவனம் தாண்டியதும், அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொல்லாத ஒருவரின் ஞாபகம் வந்தது. அவரும் இதே பஸ்ஸில்தான் எங்கள் குப்பத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

அவர் சொன்னதெல்லாம் "தெரியலைங்க" என்பதுதான். முதல் நாள் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் மட்டும் பதினான்கு முறை சொன்னார். எண்ணியவன் நான். மீன்வளத் துறையில் இறங்குதளத்தில் உட்கார்ந்து, எந்தப் படகில் எத்தனை கூடை, கூடைக்கு எத்தனை கிலோ என்று எழுதியே ஓய்வு பெற்றவன். வேலை முடிந்தது. எண்ணுவது முடியவில்லை. எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று காணாமல் போய்விடும் என்று ஒரு பதற்றம்.

கூட்டம் கலைவதற்குள் பெண்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தெரியலம்மா. அது அவர் காதுக்கும் எட்டியது. கோபப்படவில்லை. "பொருத்தமாத்தான் இருக்கு" என்றார்.

பழவேற்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பறவை பார்க்க. கழுத்தில் பைனாகுலர் தொங்கும். இவர் கை பார்க்க வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி, தோளில் ஒரு கறுப்புப் பை, மடக்கிய குடை. மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி நடுக்கத்தைக் குறைக்க முடியுமா என்று ஆராய்கிறவர். பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் விரலைப் பார்ப்பார். டீக்கடையில் கிளாஸ் பிடிக்கும் விரலைப் பார்ப்பார். முகம் அவருக்கு மறந்துபோகும், கை மறக்காது. என்னை இரண்டாவது முறை பார்த்தபோது பெயரைத் தேடித் தவித்தார். என் வலது கட்டைவிரல் எந்தப் பக்கமாக ஆடும் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

எங்கள் குப்பத்தில் நடுக்கம் அதிகம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இங்கேயே என்பதால் அது வீட்டுக்கு வீடு சுற்றி வந்துவிட்டது. நைனாவுக்கு இருந்தது. என் தம்பி தேசப்பனுக்கு நாற்பதிலேயே வந்தது. கை மடியில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஏதாவது செய்யப் போனால்தான் ஆடும். சோற்றை அள்ளினால் ஆடும், முடிச்சுப் போட்டால் ஆடும். எனக்கு அப்போது லேசாகத்தான் இருந்தது. "உங்களுக்கு இன்னும் அந்த அளவுக்கு இல்ல, சார்" என்று சொல்லி என்னை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. எனக்கு நிம்மதியா வருத்தமா என்று இன்றுவரை பிடிபடவில்லை. இருபத்திரண்டு பேரை எடுத்துக்கொண்டார். அதில் தேசப்பன் ஒருவன்.

தலையில் கரண்ட் விடுவது என்றதும் நான் மூன்று இரவு தூங்கவில்லை. நான்காம் நாள் போய், எர்த் உண்டா, மழை நாளில் என்ன ஆகும், இதுவரை எத்தனை பேருக்கு ஷாக் அடித்தது என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ரேடியோவுக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்ன பேட்டரி.

"இவ்ளோதான், சார். ஷாக் அடிக்க இதுல தெம்பு இல்ல. தோல் சிவக்கும், அரிக்கும், சிலருக்குத் தலவலி வரும். அதுவரைக்கும் தெரியும்."

"இருபது வருஷம் கழிச்சு ஏதாவது பண்ணுமா?"

"தெரியலைங்க."

அந்தப் பதிலில் எனக்கு மேலும் மூன்று இரவு தூக்கம் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அவர் "தெரியும்" என்று சொன்ன எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை.

பிடரியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு பஞ்சுத் துண்டுகளை உப்புத் தண்ணீரில் நனைத்து வைத்துக் கட்டுவார். முதல் நாள் அதைப் பார்த்துக் கூடமே சிரித்தது.

"உப்புத் தண்ணிக்காம்மா பாட்டில் தூக்கிகினு வந்தே? வாசல்ல ஏரியே இருக்குது, மொண்டுக்கினா போச்சு" என்றான் தேசப்பன்.

"உங்க ஏரி ஒரு மாசம் கடல் மாதிரி இருக்கு, ஒரு மாசம் கெணறு மாதிரி இருக்கு. எனக்கு ஒரே அளவா வேணும், அண்ணே."

"அய்ய, அத்த நாங்களுந்தான் கேக்குறோம். கடல் தண்ணிய உள்ள உடுற முகத்துவாரம் குடுக்கணுமே."

பரீட்சை என்று ஒன்று உண்டு. வெள்ளைத்தாளில் உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒரு சுருள் வரைய வேண்டும். அதைக் கொசுவத்தி என்றார்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்ற வேண்டும். இந்தப் பரீட்சையில் தேறப்போவது தாங்களா டாக்டரம்மாவா என்பதில் ஊர்க்காரர்களுக்குக் குழப்பம் இருந்தது. ஐம்பது வயதிலும் படித்துக்கொண்டிருக்கிறார், நாம் நன்றாக வரைந்தால் பாவம் பாஸ் ஆகிவிடுவார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் ஒரு பெரிய மீசைக்காரர் கை துளிகூட ஆடாமல் அழகான கொசுவத்தி ஒன்றை வரைந்து நீட்டினார். டாக்டரம்மா தாளைப் பார்க்கவில்லை, மூக்கைச் சுளித்தார்.

"குடிச்சிட்டு வந்தீங்களா?"

"ஒரே ஒரு கோட்டரும்மா. உன் பரீட்சைக்கோசரம்தான்."

கூடத்தில் இருந்த மீசைக்காரரின் மனைவி எழுந்து வந்துவிட்டாள். "கேளும்மா, நல்லா கேளு. குடிச்சா நடுக்கம் கொறையுதுனு ஊர ஏய்ச்சிகினு திரியறான்."

வேறு யாராக இருந்தாலும் இரண்டு வார்த்தை திட்டியிருப்பார்கள். இவர், "அது உண்மைதாங்க. இந்த நடுக்கம் குடிச்சா கொஞ்ச நேரம் கொறையும். எறங்கினதும் முன்னவிட அதிகமா ஆடும். ரெண்டுமே உண்மை" என்றார்.

மீசைக்காரருக்கு முதல் பாதி போதுமாக இருந்தது. அவர் மனைவி நடுக்கூடத்தில் நின்று கத்தினாள். "இத்தச் சொல்றதுக்கா பட்டணத்துலேர்ந்து வந்தே? தெரியலனு சொல்ல வேண்டியதெல்லாம் சொல்றியே, இத்த தெரியலனு சொன்னா இன்னாம்மா?"

டாக்டரம்மா தலை குனிந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். அன்று மதியம் யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். வீட்டில் வெறும் ரசம்தான் இருந்தது.

தேசப்பன் மனைவி கன்னியம்மா ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாயிடும்னு ஒரு வார்த்த சொன்னா உனுக்கு இன்னாம்மா கொறஞ்சிடும்?"

"சொன்னா நீங்க நம்பிடுவீங்க."

"நம்பினா இன்னா?"

அவர் கன்னியம்மா கொடுத்த வறுத்த இறாலை வாங்கி, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். பதினொன்று.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது உண்மையில் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்: தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதவர். ஆனால் அந்த முதல் கூட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் அவர் தவறினார்.

அன்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு விதம் இருக்குங்க. ஒண்ணுல கடைசி வரைக்கும் நெஜமாவே கரண்ட் போகும். இன்னொண்ணுல ஆரம்பத்துல கொஞ்சம் போய்ட்டு நின்னுடும். அது சும்மா. ரெண்டுலயும் மொதல்ல சுருசுருன்னு ஒரே மாதிரிதான் இருக்கும். யாருக்கு எதுன்னு சீட்டு குலுக்கித்தான் முடிவாகும். உங்களுக்கும் தெரியாது, கடைசி வரைக்கும் எனக்கும் தெரியாது."

"சும்மா இன்னாத்துக்கு?" என்றது ஒரு குரல்.

"நெஜமானது வேல செய்யுதா, இல்ல யாரோ வந்து கவனிச்சதாலயே நல்லா இருக்கான்னு பிரிச்சுப் பாக்கணும். அதுக்குத்தான்."

பஞ்சாயத்துப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "புரியுது. சீட்டு போட்டு ஆளாளுக்குப் பிரிக்கிறது. நம்ப பாடு மாரி."

பாடு என்ற சொல்லை டாக்டரம்மா அன்று காலையில்தான் டீக்கடையில் கேட்டிருக்கிறார். சீட்டு குலுக்கி மீன்பிடிக்கிற இடத்தைப் பிரித்துக்கொள்வது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊர்ச் சொல் ஒன்று கைக்குக் கிடைத்த சந்தோஷத்தில், "ஆமாங்க, உங்க பாடு மாதிரியேதான்" என்றார்.

தெரியல என்று பதினைந்தாவது முறையாகச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

பாடு என்பதில் சீட்டு பாதிதான். ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் வலை கட்டினால் இறால் குவியும், உள்ளே தள்ளிக் கட்டினால் பாசிதான் வரும். சீட்டு குலுக்கி வரிசையைப் போடுவோம். இன்று உனக்கு நல்ல இடம், எனக்கு மட்டமான இடம். நாளை வரிசை நகரும், என் முறை வரும். யாரும் கடைசிவரை பாசியிலேயே கிடக்கமாட்டான். அதுதான் பாடு. எங்களுக்கு அது பால்குடித்த நாளிலிருந்து தெரியும் என்பதால் யாரும் அவருக்கு அதை விளக்கவில்லை.

கூட்டம் முடிந்து போகும்போது தேசப்பன் என்னிடம் சொன்னான். "மொதல்ல சும்மா உழுந்தாலும் கவல இல்லண்ணே. அடுத்த பாடு கரண்ட்டு."

அவனுக்கு அது விளையாட்டில்லை. வலை கட்டுவது என்றால் ஆடுகிற படகில் நின்று, நட்ட கழியில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். நீரோட்டம் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். அவன் கை கயிற்றின் நுனியைக் கண்ணிக்குள் நுழைக்க மூன்று நான்கு முறை தவறும். கூட வரும் பங்காளிகள் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சீட்டில் பெயர் இருந்தால் போதாது, முடிச்சுப் போடக் கை வேண்டும். இன்னும் எத்தனை மாதம் தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவனுடைய ஒரே கவலை.

வாரக்கணக்கில் உட்கார்ந்தான். பெட்டி கட்டினால் சுருசுருவென்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னான். டீ சிந்தாமல் குடித்தான். கன்னியம்மா அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவர் மறுபடி கூட்டம் போட்டார். சுற்றி வளைக்கவில்லை. "நெஜமா வாங்கினவங்களுக்கும் சும்மா வாங்கினவங்களுக்கும் வித்தியாசம் ஒண்ணும் தெரியலைங்க" என்றார். யாருக்கு எது என்பதையும், கேட்டவர்களுக்குச் சொன்னார். தேசப்பனுக்குச் சும்மா.

கன்னியம்மா விடவில்லை. "அப்போ டீ சிந்தாம குடிச்சாரே, அது?"

"அது நெஜம். நானும் பாத்தேன். ஆனா அது கரண்ட்டால இல்ல."

"பின்ன எதால?"

"தெரியலைங்க."

தேசப்பன் எழுந்தான். கோபமாக இல்லை, வரிசையில் நிற்கிறவன் கேட்கிற மாதிரித்தான் கேட்டான். "சரிம்மா. எங்க பாடு எப்போ?"

"எந்தப் பாடு?"

"சும்மா பதினோரு பேருக்கு வந்திச்சு. இனிமே எங்களுக்கு கரண்ட்டு வரணும் இல்ல? பாடு மாரினு நீதானே சொன்னே?"

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பெரியவர் விளக்கினார். விளக்க விளக்க டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சுங்க. மெஷினெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு. அப்படியே குடுத்தாலும், பலன் இருக்கும்னு என்னால சொல்ல முடியல. இப்பத்தானே சொன்னேன்."

"வலையில உழுதா இல்லியான்றது அப்புறம்மா" என்றார் பெரியவர். "இறா வராதுனு தெரிஞ்சாலும் அவன் பாட்ட அவனுக்கு உடணும். அதான் மொறை."

நியாயமாகப் பார்த்தால் அவர் "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர், "நான் தெரியாம ஆமான்னு சொல்லிட்டேன். கேட்டுட்டு வரேன்" என்றார்.

யாரைக் கேட்டார், என்னென்ன சொன்னார்கள் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. முடிந்துபோன ஆராய்ச்சிக்கு, அதுவும் பலனில்லை என்று தெரிந்த ஒன்றுக்கு, மறுபடி பெட்டியை எடுத்துப்போக அவருடைய மேலிடத்தில் லேசில் சம்மதிக்கவில்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. நடுவில் என்னிடம் போனில் பேசினார். "வந்துடுவீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். பதில் உங்களுக்கே தெரியும்.

அந்த இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு விடியலில், நல்ல இடத்தில், தேசப்பனால் முடிச்சுப் போட முடியவில்லை. ஓட்டம் திரும்பி வலையின் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அன்றைய இறால் முழுக்கப் போயிற்று. படகில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கரைக்கு வந்தும் சொல்லவில்லை. அடுத்த சீட்டுக்கு முன்னால் அவனே பெரியவர் வீட்டுக்குப் போய்த் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். பிறகு கன்டெய்னர் கிடங்கு ஒன்றின் கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். நீலச் சட்டை, தொப்பி. சட்டைப் பொத்தானைக் காலையில் கன்னியம்மா போட்டுவிடுவாள்.

அதற்குப் பிறகுதான் அவர் வந்தார். ஒரே ஒரு பெட்டி, அதே கறுப்புப் பை. தன் விடுமுறையில் வந்திருப்பதாகச் சொன்னார். ஆளுக்குப் பத்து முறை. கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு, சும்மா விழுந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தார். உட்காரும் ஒவ்வொருவரிடமும், "இதுல பலன் இருக்கும்னு நான் நெனைக்கல, தெரிஞ்சுக்கிட்டு உக்காருங்க" என்றார். பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள். பண்டிகைக்குப் போவது மாதிரி தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்த ஒருவரை, எண்ணெயில் கரண்ட் போகாது என்று திருப்பி அனுப்பித் தலையை அலசிவிட்டு வரச் சொன்னார்.

பதினொன்றாவது ஆள் வரவில்லை. கன்னியம்மா போய்ச் சொன்னாள், நான் போய்ச் சொன்னேன். "என் பாடே போச்சுண்ணே. இனிமே கை நின்னா இன்னா, ஆடினா இன்னா? கேட்ட தொறக்க இது போதும்" என்றான்.

அவரிடம் அதை அப்படியே சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் தேசப்பனுக்கு ஒதுக்கிய நேரத்தில், பெட்டியைத் திறந்து பஞ்சை நனைத்து வைத்து, காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் ஆனதும் பஞ்சைப் பிழிந்து உலர்த்திவிட்டு பஸ்ஸுக்குப் போனார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இதற்குள் என் கையும் நன்றாகவே ஆடத் தொடங்கியிருந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, "வீணாத்தானே போவுது, நான் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு சின்ன ஆசை, மறைப்பானேன்.

"இது அவர் பாடு, சார்" என்றார்.

எங்கள் குப்பத்தில் ஒருவன் தன் முறைக்கு வரவில்லை என்றால் அன்று அந்த இடத்தில் வேறு யாரும் வலை கட்டமாட்டோம். கழி மட்டும் நிற்கும். இதை நான் அவரிடம் சொன்னதில்லை.

பத்தாம் நாள், பாதி நேரம் போன பிறகு, வாசலில் நீலச் சட்டை தெரிந்தது. ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருக்கிறான். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"ஒம்போது பாடு உட்டுட்டேன். கடைசியும் உட்டா நல்லா இருக்காதுனு வந்தேன்" என்றான்.

அவர் நாற்காலியைத் துடைத்தார். பஞ்சை மறுபடி நனைத்துப் பிடரியில் வைத்துக் கட்டினார். கடிகாரத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டு, "சுருசுருங்குது" என்றான். "அப்பவும் இப்டித்தான் இருந்திச்சு." வெளியே கருவாடு காயும் பாயில் காக்கை உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. அதை மட்டும் நான் எண்ணவில்லை.

முடிந்ததும் அவன் பழக்கத்தில் தாளுக்காகக் கை நீட்டினான். "கொசுவத்தி?"

"வேணாம், அண்ணே."

அவன் எழுந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட முயன்றான். தவறியது. மறுபடி தவறியது. நான் எழப் போனேன். அவர் கையை லேசாக நீட்டி என்னை நிறுத்தினார். பொத்தான் உள்ளே போகும்வரை மூவரும் அப்படியே நின்றோம்.

படியில் கால் வைத்தபடி அவன் திரும்பிக் கேட்டான். "இது வேல செய்யுமாம்மா?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் நானே மனசுக்குள் சொல்லியும் விட்டேன்.

"செய்யாது, அண்ணே" என்றார் அவர்.

தேசப்பன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். படகில் போய்க்கொண்டிருந்த காலத்துச் சிரிப்பு. "அய்ய, தெரியலம்மாக்கு இன்னிக்குத்தான் ஒண்ணு தெரிஞ்சிருக்குது."

"ஆமா" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட இரண்டாவது ஆமா அது.